625 ஓவர்லேயில் இரும்பு 7.8% வருகிறது. தப்பு எங்கே?

துவாக்குடி_கியூசி
திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் இரண்டு வருடமாக கியூசி வேலை. நிக்கல் ஓவர்லே (இரும்பின் மேல் நிக்கல் கலவையை வெல்டு போட்டு மூடுவது) எனக்கு இதுதான் முதல் ஜாப்.

புளிப்பு வாயுவுக்கான (ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வாயு) ஒரு வெசல். அதற்கு 8 இஞ்ச் லாங் வெல்ட் நெக் நாசில் (வெசலில் குழாய் இணைக்கும் கழுத்து) ஆறு. மெட்டீரியல் ஏ105 ஃபோர்ஜிங், அதாவது கார்பன் ஸ்டீல். போருக்குள் (உள்துளை) ஹாட் வயர் டிக் வெல்டிங் மெஷினில் 625 என்ற நிக்கல் கலவைக் கம்பி, இரண்டு லேயர். மெஷினிங் முடிந்து குறைந்தது 3 மி.மீ. நிற்க வேண்டும், அந்த மேற்பரப்பில் இரும்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கிளையன்ட் ஸ்பெக்.

ஐந்து நாசிலில் பி.எம்.ஐ. (எக்ஸ்ரே கருவியால் உலோகக் கலவை பார்ப்பது) எடுத்ததில் இரும்பு 2.4-லிருந்து 2.9 வரை வந்தது. ஆறாவதிலும் நான் எடுத்த இடத்தில் 2.7 தான். மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்து, "இன்னொரு இடத்தில் வையுங்கள்" என்று உள்ளே கை காட்டினார். 7.8 வந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 7.6. என்.சி.ஆர். (குறை அறிக்கை) எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வெல்டிங் சூப்பர்வைசர் கரண்ட் கூடியிருக்கும் என்கிறார். ஆனால் ஆறும் ஒரே டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் நடைமுறை ஏடு), ஒரே ஆபரேட்டர், ஒரே கம்பி ஹீட் (உருக்குத் தொகுதி). பிரிண்ட் அவுட்டில் ஆம்பியர் எங்கேயும் ஏறவில்லை. நாசில் இன்னும் ஷெல்லில் ஏறவில்லை, ஸ்ட்ரெஸ் ரிலீவிங்கும் (வெல்டுக்குப் பின் சூடேற்றித் தணிப்பது) ஆகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று சொல்லுங்கள்.


பழைய_ஆர்க்
திங்கள், இரவு 10.02

தம்பி, பதறாதீர்கள். இரும்பு கம்பியிலிருந்து வராது, அடியிலிருந்துதான் வரும். முதலில் கணக்கைப் பாருங்கள்.

625 கம்பியில் இரும்பு அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். 0.4 என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருப்பது ஏறத்தாழ 98 சதவீதம் இரும்பு. முதல் லேயரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அடி உலோகம் உருகிக் கலந்தால், அந்த லேயரில் இரும்பு 15 சதவீதம் ஆகிவிடும். இரண்டாவது லேயர் அந்த முதல் லேயரில் பதினைந்து பங்கைக் கரைக்கும். 15-இல் பதினைந்து பங்கு 2.25, கம்பியின் பங்கு 0.34. மொத்தம் 2.6. உங்கள் ஐந்து நாசிலில் வந்திருக்கும் எண் இதுதான். அப்படியென்றால் உங்கள் ஆபரேட்டர் நல்ல ஆபரேட்டர்.

இதையே கைவேலையில், கரண்டை ஏற்றி, முப்பது பங்கு கலக்கிற மாதிரி போட்டால் முதல் லேயரில் 30, இரண்டாவதில் 9. மூன்றாவது லேயர் போடாமல் 5-க்குள் வரவே வராது. ஓவர்லேயின் விதி முதல் லேயரில் எழுதப்படுகிறது என்று நான் சேர்ந்த நாளில் என் ஃபோர்மேன் சொன்னார். நாற்பது வருடம் அதைத்தான் பார்த்தேன்.

உங்கள் கேஸில் ஒரே இடத்தில் 7.8 என்றால் அது கரண்ட் மாதிரித் தெரியவில்லை. ஆர்க் ஸ்டார்ட் ஆன இடமா, நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்த இடமா என்று பாருங்கள். முதல் பீட் (ஒரு ஓட்டத்தில் விழும் வெல்டு வரி) எப்போதும் அதிகம் கரைக்கும், ஏனென்றால் சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் பீட் இல்லை. ஆர்க் நேராக வெறும் இரும்பில் நிற்கும். அடுத்த பீட்டிலிருந்து ஆர்க்கை முந்தைய பீட்டின் ஓரத்தில் நிறுத்தினால், பாதி நிக்கல்மேலும் பாதி இரும்புமேலும் உட்காரும். பீட்டுக்குப் பீட் பாதிக்குப் பாதி ஏறவேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்வது பார்வைக்கு அழகாக இருக்க அல்ல, இதற்காகத்தான்.


தீவு_பாய்லர்
திங்கள், இரவு 11.20

சிங்கப்பூரில் கழிவு எரிக்கும் பாய்லர்களில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன். அங்கே வாட்டர் வால் டியூப்களுக்கு 625 ஓவர்லே ஒரே லேயர்தான், 2 மி.மீ. சுமார். இரும்பு 10-க்குள் இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். டியூபுக்குள் தண்ணீர் ஓடவிட்டு, மேலிருந்து கீழாக பல்ஸ் மிக் வெல்டிங் போடுவோம். தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்வதால் பேனலும் வளையாது, கலப்பும் குறையும்.

குப்பையில் பிளாஸ்டிக்கும் உப்பும் இருப்பதால் குளோரின் டியூபைத் தின்னும். ஓவர்லே இல்லாத சுவர் எப்படி மெலிகிறது என்று தடிமன் கேஜ் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த 2 மி.மீ.யின் அருமை தெரியும்.

அதனால் என் கேள்வி: 7.8 என்பது அவ்வளவு பெரிய குற்றமா? எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளுக்கான ஸ்டாண்டர்ட் ஏ.பி.ஐ. 6ஏ-யிலேயே எஃப்.இ.5, எஃப்.இ.10 (இரும்பு 5-க்குள், 10-க்குள்) என்று இரண்டு வகுப்பு இருக்கிறதே. 10 வகுப்பில் போட்டு டீவியேஷன் (ஸ்பெக்கிலிருந்து விலக்கு) கேட்டுவிடலாமே?


ஜுபைல்_இன்ஸ்பெக்டர்
செவ்வாய், காலை 6.40

தீவு அண்ணா, வகுப்பு இரண்டு இருக்கிறது என்பது சரி. ஆனால் எதை எடுப்பது என்று முடிவு செய்வது வாங்குகிறவர். இவர்களுக்கு 5 என்று எழுதிக் கொடுத்தாயிற்று. இன்னொன்று, உங்கள் பாய்லர் சுவரில் நடப்பது சூடான வாயுவின் தாக்குதல். இங்கே நடப்பது உப்புத் தண்ணீருக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கார்பன் டை ஆக்சைடும். குழி அரிமானம்தான் பயம். குழியைத் தடுப்பது குரோமியமும் மாலிப்டினமும். 625-இல் குரோமியம் 20-இலிருந்து 23, மாலிப்டினம் 8-இலிருந்து 10. இரும்பு ஏறும் அளவுக்கு இரண்டும் இறங்கும்.

துவாக்குடி தம்பிக்கு: காரணம் தேடுவதற்கு முன்னால் அளந்ததைச் சந்தேகப்படுங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு ஆழம். கார்பன் ஸ்டீலைத் தேய்த்த அதே ஃபிளாப் டிஸ்க்கால் நிக்கலைத் தேய்த்திருந்தால் அந்த இரும்புப் பூச்சையே அது படித்துச் சொல்லும். புது டிஸ்க் எடுத்து, லேசாகத் தேய்த்து, அசிடோனில் துடைத்து மறுபடி வையுங்கள்.

அப்புறம், அந்த இடம் கடிகார முள்ளில் எத்தனை மணி? போருக்குள் எவ்வளவு ஆழத்தில்? ஒரு இடத்து எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.


உலோகவியல்_மாணவி
செவ்வாய், காலை 10.05

ஜுபைல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரும்பு ஏறினால் குரோமியமும் மாலிப்டினமும் கணக்குப்படி குறைவது மட்டுமல்ல. வெல்டு உறையும்போது முதலில் உறையும் தண்டுப் பகுதியில் மாலிப்டினமும் நயோபியமும் குறைவாக இருக்கும், அவை கடைசியாக உறையும் இடுக்குகளில் போய்ச் சேரும். இரும்பு கலந்தால் இந்தப் பிரிவினை இன்னும் கூடும். ஏனென்றால் இரும்பு இருக்கும்போது நிக்கலுக்குள் இந்த இரண்டும் கரைந்திருக்கும் அளவு குறைகிறது. எனவே சராசரி 7.5 மாலிப்டினம் என்று கருவி காட்டினாலும், தண்டின் நடுவில் அதைவிடக் கணிசமாகக் கீழே இருக்கும். அரிமானம் தொடங்குவது அந்த மெலிந்த இடத்தில்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி: 625-ஐ இன்கோ நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் குழு உருவாக்கத் தொடங்கியது சூப்பர்கிரிட்டிக்கல் மின்நிலையத்தின் நீராவிக் குழாய்களுக்காக. 1964-இல் காப்புரிமை. நீராவிக் குழாயாகப் பிறந்த உலோகம் இன்று கடலடி வால்வுக்குள்ளும் குப்பை எரிக்கும் பாய்லர் சுவரிலும் மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

துவாக்குடி, ஒரு லேயருக்குள் இரும்பு படிப்படியாகக் குறையாது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு லேயரும் உருகிக் குழம்பாக நன்றாகக் கலந்துவிடுவதால் லேயர் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவு. மாற்றம் படிக்கட்டு மாதிரி: அடியில் 98, முதல் லேயரில் 15, இரண்டாவதில் 2.6. இடையில் 7.8 என்று தனியாக ஒரு படி உங்கள் கணக்கில் இல்லை. அது வந்திருக்கிறது என்றால், கருவியின் ஜன்னலுக்குக் கீழே பாதி முதல் லேயரும் பாதி இரண்டாவது லேயரும் சேர்ந்து தெரிகின்றன என்று எனக்குப் படுகிறது. இரண்டு லேயர் சந்திக்கும் கோடு நேர்கோடு அல்ல, பீட்டுகளின் அலை வடிவம்.


அம்பத்தூர்_லேத்
செவ்வாய், மதியம் 1.30

வெல்டிங் எனக்குத் தெரியாது. போரிங் மெஷினில் இருபத்தைந்து வருடம். மேடம் சொன்னதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது.

ஓவர்லேக்கு முன்னால் போரை எதை வைத்து சென்டர் எடுத்தார்கள்? ஓவர்லேக்கு அப்புறம் ஃபினிஷ் போருக்கு எதை வைத்து சென்டர் எடுத்தார்கள்? இரண்டும் ஒன்றா?

ஃபோர்ஜிங்கில் ஹப் (கழுத்து) வெளிவட்டமும் ஃபிளேஞ்ச் (முகப்புத் தட்டு) வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நம்பவே கூடாது. முதலில் ஹப்பில் டயல் (மையம் பார்க்கும் கேஜ்) வைத்து, பிறகு ஃபிளேஞ்சில் டயல் வைத்தால், ஒரு பக்கம் ஓவர்லேயைச் சுரண்டி எடுத்துவிடும், எதிர்ப்பக்கம் தடியாக விட்டுவிடும். உள்ளே கை விட்டுப் பார்த்தால் வழவழ என்று ஒரே மாதிரி இருக்கும். போர் சைஸும் டிராயிங்கில் இருக்கிறபடி சரியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.


ஜுபைல்_இன்ஸ்பெக்டர்
செவ்வாய், மதியம் 2.10

லேத் அண்ணன் சொல்வதுதான் எனக்கும் படுகிறது. தம்பி, உங்கள் பெயின்டிங் ஷாப்பில் கோட்டிங் தடிமன் கேஜ் இருக்கும். பெரிய ரேஞ்ச் புரோப், 5 மி.மீ.க்கு மேல் படிப்பது, கிடைத்தால் எடுத்து வாருங்கள். 625 காந்தத்தில் ஒட்டாது, அடி இரும்பு ஒட்டும். பெயின்டை அளக்கிற மாதிரியே ஓவர்லே தடிமனையும் அளந்துவிடலாம். கருவியை ஒரு தெரிந்த தடிமன் 625 துண்டின் கீழே இரும்பை வைத்து முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். (மோனல் 400-க்கு இது ஒத்துவராது. அது குளிரில் லேசாகக் காந்தத்தன்மை காட்டும், ரீடிங் ஆடும்.)

ஒரு எச்சரிக்கை. கேஜ் காட்டுவது நிக்கலும் இரும்பும் சந்திக்கும் கோடு வரை உள்ள தடிமன். ஆர்க் அடியைக் கரைத்து உள்ளே இறங்கிய ஆழமும் அதில் சேர்ந்திருக்கும். ஸ்பெக் கேட்பது பழைய போர் மேற்பரப்பிலிருந்து 3 மி.மீ. என்றால், கேஜ் ரீடிங்கில் அரை மில்லிமீட்டர் அளவு கழித்துத்தான் யோசிக்க வேண்டும்.


துவாக்குடி_கியூசி
புதன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. இன்று முழுக்க இந்த ஒரு நாசில்தான் பார்த்தேன்.

ஃபிளேஞ்ச் முகத்திலிருந்து 120 மி.மீ. உள்ளே, நான்கு பக்கமும் சாக்பீஸில் கோடு போட்டு, புது டிஸ்க்கால் தேய்த்து, அசிடோனில் துடைத்து எடுத்த ரீடிங் இது. 12 மணியில் இரும்பு 2.5, தடிமன் 4.5 மி.மீ. 3 மணியில் இரும்பு 2.7, தடிமன் 3.5. 9 மணியில் 2.8, தடிமன் 3.3. 6 மணியில் 7.8, தடிமன் 2.3.

கேஜை 6 மணியில் வைத்து 2.3 என்று பார்த்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. 12-க்கும் 6-க்கும் இடையே 2.2 வித்தியாசம், அதாவது மையம் 1.1 விலகி இருக்கிறது. மெஷின் ஷாப்பில் போய்க் கேட்டேன். முதல் ரஃப் போர் ஒரு ஷிஃப்ட்டில் ஹப்பில் டயல் வைத்து எடுத்தது. ஃபினிஷ் போர் வேறு ஷிஃப்ட்டில், வேறு ஆள், ஃபிளேஞ்ச் வெளிவட்டத்தில் டயல். லேத் அண்ணன் சொன்னது அப்படியே. மற்ற ஐந்து ஃபோர்ஜிங்கிலும் இரண்டு வட்டமும் ஒத்துப்போனதால் தப்பித்தது.

6 மணி இடத்தை லேசாக மெருகேற்றி எட்ச் (அமிலத்தால் லேசாக அரிப்பது) செய்து லென்ஸில் பார்த்தேன். மேடம் சொன்ன அலை தெரிந்தது. மீன் செதில் அடுக்கின மாதிரி, ஒரு செதில் கொஞ்சம் கறுப்பாக, பக்கத்துச் செதில் வெளுப்பாக. கறுப்பான இடத்தில் சின்ன ஜன்னல் வைத்து எடுத்தால் 14.6. வெளுப்பில் 2.9.

வெல்டிங் ஆபரேட்டரிடம் போய் "உங்கள் வேலை சரியாக இருக்கிறது" என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக அவர் முகம் சரியில்லாமல் இருந்தது.

இனி கேள்வி: எப்படிச் சரிசெய்வது? 6 மணியில் மட்டும் கையால் டிக் போட்டு ஏற்றலாம் என்கிறார்கள்.


பழைய_ஆர்க்
புதன், இரவு 10.30

ஆபரேட்டரிடம் சொன்னீர்களே, அதுதான் முதல் ரிப்பேர். நல்லது தம்பி.

6 மணியில் மட்டும் ஒட்டு போடாதீர்கள். சுற்றுவட்டமாக மெஷினிலேயே ஒரு முழு லேயர் போடுங்கள். காரணம் சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட்டால் அந்தப் பக்கம் சுருங்கி இழுக்கும், நாசில் வாழைப்பழம் மாதிரி வளையும். அப்புறம் மறுபடி மையம் போய்விடும். முழு லேயர் போட்டால் சுற்றிலும் சமமாகச் சுருங்கும். பிறகு பழைய போரின் மையத்தைக் கண்டுபிடித்து அதை வைத்து ஃபினிஷ் எடுக்க வேண்டும்.

கணக்கும் ஒத்துவருகிறது. மெலிந்த இடத்தில் மூன்றாவது லேயர் முதல் லேயரின்மேல் உட்கார்ந்தாலும் அதில் இருப்பது 15 தான், 98 இல்லை. மறுபடி 2.6 வந்துவிடும். இரும்பை ஆர்க் தொடவே தொடாது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த போரில் மெஷினிங் ஆகிவிட்டது, அதாவது கட்டிங் ஆயில் ஏறிவிட்டது. பல கட்டிங் ஆயிலில் கந்தகம் உண்டு. நிக்கலும் கந்தகமும் சேர்ந்தால் 650 டிகிரிக்குக் கீழேயே உருகும் கூட்டு உண்டாகும். பீட் உறைந்து சுருங்கும் நேரத்தில் அந்தக் கூட்டு இன்னும் தண்ணீராக நடுவில் நிற்கும். விரிசல் நிச்சயம். கண்ணுக்குத் தெரியாது, டி.பி.யில்தான் (சாயம் ஊறவைத்து விரிசல் பார்க்கும் சோதனை) சிவப்புக் கோடாக எழும்.

இது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு கம்பெனியில், ஒரு டியூப் ஷீட் முகம் முழுக்க ஓவர்லே போட்டோம். மார்க்கிங் செய்தவர் சாதாரண மெழுகுக் க்ரேயானில் துளைகளின் இடத்தைக் கோடு போட்டிருந்தார். ரிப்பேர் செய்யும்போது அந்தக் கோட்டின்மேலேயே வெல்டு போட்டோம். டி.பி. டெவலப்பர் அடித்துப் பத்து நிமிடத்தில், அவர் போட்ட கோடுகள் அத்தனையும் சிவப்பாக எழுந்து வந்தன. டிராயிங்கை அப்படியே பிரதி எடுத்த மாதிரி இருந்தது. முழுவதையும் கிரைண்ட் செய்து எடுத்தோம். பதினோரு நாள். அன்றிலிருந்து நிக்கல் ஜாப் நடக்கும் இடத்தில் பெயின்ட், க்ரேயான், எண்ணெய் பட்ட கையுறை எதையும் நான் விட்டதில்லை.

எனவே: அசிடோன், வெள்ளைத் துணி, துணியில் அழுக்கு வராத வரை துடைக்க வேண்டும். எஸ்.எஸ். வயர் பிரஷ், அதுவும் நிக்கலுக்கென்று ஒதுக்கியது. பீட்டுக்கு நடுவில் சூடு 150 டிகிரியைத் தாண்டக்கூடாது. நிக்கல் குழம்பு பாகு மாதிரி கெட்டி, இரும்பு மாதிரித் தானாக ஓடிப் பரவாது. ஓடவில்லையே என்று கரண்டை ஏற்றினால் அது பரவாது, தோண்டும். கம்பியைக் கூட்ட வேண்டும், அல்லது ரொட்டேட்டரில் டார்ச்சின் இடத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். குழம்பு மெல்ல இறக்கமாக ஓடி ஆர்க்குக்கு அடியில் மெத்தை மாதிரி நின்றால் தோண்டுவது குறையும். அதிகமாக இறக்கினாலும் ஆபத்து, ஆர்க்குக்கு முன்னால் ஓடிப்போய் ஒட்டாமல் படுத்துக்கொள்ளும்.


தீவு_பாய்லர்
வியாழன், காலை 7.15

10 சதவீதம் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 7.8 என்ற எண்ணை வைத்து டீவியேஷன் வாங்கியிருந்தால், 2.3 மி.மீ. என்ற உண்மை வெளியே வந்தே இருக்காது. சராசரி 7.8-க்குள் 14.6 ஒளிந்திருந்ததும் தெரிந்திருக்காது.

வேறு ஒரு சந்தேகம். மூன்றாவது லேயர் போடும்போது சூடு கீழே இறங்கி ஏ105-இன் வெப்பம் பாதித்த பகுதியை மறுபடி கடினமாக்காதா? மெலிந்த இடத்தில் 2.3 மி.மீ. தானே நடுவில் நிற்கிறது.


ஜுபைல்_இன்ஸ்பெக்டர்
வியாழன், காலை 9.00

நல்ல கேள்வி. ஏ105-இல் கார்பன் 0.35 வரை போகலாம். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் இல்லாமல் ஓவர்லேக்கு அடியில் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 300-க்கு மேல் போவது சாதாரணம். புளிப்பு வாயு வேலைக்கு வழக்கமான வரம்பு ராக்வெல் சி 22, அதாவது விக்கர்ஸ் 250. நல்லவேளையாக இவர்களுக்கு இன்னும் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் நடக்கவில்லை. இந்த கிரேடு இரும்புக்கு 595 டிகிரிக்குக் குறையாமல் நிறுத்தி எடுக்கும்போது எல்லாம் தணிந்துவிடும். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் முடிந்த நாசிலாக இருந்தால், மாக்-அப் (மாதிரித் துண்டு) போட்டு, குறுக்கே வெட்டி, கடினத்தன்மை எடுத்துக் காட்டிய பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சிலர் கேட்பார்கள்: மேலே நிக்கல் மூடியிருக்கிறதே, அடியில் கடினமாக இருந்தால் என்ன? ஒரு ஊசித் துளை இருந்தால் போதும், வாயு அங்கே போய்விடும். அரிமானத்திலும் அதே கதைதான். நிக்கல் முழுவதும் பெரிய கத்தோடு, துளைக்குள் தெரியும் ஒரு புள்ளி இரும்பு சின்ன ஆனோடு (அரிக்கப்படும் பக்கம்). அந்தப் பரப்பு முழுவதன் மின்னோட்டமும் அந்த ஒரு புள்ளியில் விழும். ஓவர்லே இல்லாத வெசலில் சுவர் முழுக்க மெதுவாக மெலியும், நாம் கேஜ் வைத்துப் பிடித்துவிடலாம். ஓவர்லேயில் துளை இருந்தால் அந்த ஒரு இடம் மட்டும் உள்ளுக்குள் குடைந்துகொண்டே போகும், மேலே நிக்கல் கூரை மாதிரி நிற்கும்.

அதனால் ஃபினிஷ் ஆனதும் டி.பி.யோடு நிறுத்தாமல் ஃபெராக்ஸில் டெஸ்டும் (இரும்பு பட்டால் நீலமாகும் கரைசல்) செய்யுங்கள்.


உலோகவியல்_மாணவி
வியாழன், மதியம் 12.20

595 டிகிரியில் 625-க்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். 600-இலிருந்து 700 வரை நீண்ட நேரம் வைத்தால் நயோபியம் சார்ந்த நுண் துகள்கள் படிந்து கடினம் கூடும், வளையும் தன்மை குறையும். இவர்களுடைய தடிமனுக்கு ஓரிரு மணி நேரம்தான், கவலை இல்லை. ஆனால் பி.க்யூ.ஆர். (வெல்டிங் நடைமுறையின் தகுதிச் சோதனைப் பதிவு) சோதனைத் துண்டுக்கும் அதே சூடு, அதே நேரம் கொடுத்துத்தான் பெண்டு டெஸ்ட் செய்திருக்க வேண்டும். ஓவர்லேக்குள் 1.5 மி.மீ.க்கு மேல் திறந்த குறை இருக்கக்கூடாது, நிக்கலும் இரும்பும் சேரும் கோட்டில் 3 மி.மீ. வரை விடுவார்கள். ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூலின் ஒன்பதாம் பிரிவில் இப்படித்தான். அந்தக் கோடுதான் பலவீனமான இடம் என்று அதை எழுதியவர்களுக்கே தெரியும். கடலடியில் கத்தோடிக் பாதுகாப்பு கொடுக்கும்போது வரும் ஹைட்ரஜன் அந்தக் கோட்டில்தான் போய் உட்காரும். அங்கே விரிசல் வந்த கேஸ்களைத்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.


அம்பத்தூர்_லேத்
வியாழன், இரவு 9.40

பழைய மையத்தை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பழைய போர் மேற்பரப்பு இப்போது நிக்கலுக்கு அடியில் இருக்கிறது, டயல் வைக்க முடியாது. ஆனால் உங்கள் கையில் தடிமன் கேஜ் இருக்கிறது. ஃபிளேஞ்ச் பக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் எட்டுப் புள்ளியில் இப்போதே தடிமன் எடுத்து எழுதிவையுங்கள். விலகல் எந்தப் பக்கம் எவ்வளவு என்று வந்துவிடும். இப்போதைய ஃபினிஷ் போர் துல்லியமான வட்டம். அதில் டயல் வைத்து, விலகலை அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளி, ஃபிளேஞ்ச் வெளிவட்டத்தில் 10 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய பட்டை ஒன்று வெட்டுங்கள். அந்தப் பட்டை பழைய போரின் மையத்தில் இருக்கும். வெல்டு முடிந்து வந்ததும் அதில் டயல் வைத்து ஃபினிஷ் எடுங்கள்.

இனி வரும் நாசிலுக்கு இன்னும் சுலபம். ரஃப் போர் எடுக்கும்போதே, ஜாபைக் கழற்றாமல், அதே பிடியில் வெளியே அந்தப் பட்டையை வெட்டிவிடுங்கள். பக்கத்தில் பஞ்ச் அடித்து 'டேட்டம்' என்று எழுதிவிடுங்கள். எத்தனை ஷிஃப்ட் மாறினாலும் ஆள் மாறினாலும் மையம் மாறாது.


துவாக்குடி_கியூசி
அடுத்த வியாழன், இரவு 9.30

முடிந்தது. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பின்னால் யாராவது தேடி வந்தால் பயன்படும்.

லேத் அண்ணன் சொன்னபடி மூன்று இடத்தில் எட்டெட்டுப் புள்ளி எடுத்து, கிராஃப் தாளில் போட்டு, மெஷின் ஷாப் சூப்பர்வைசரிடம் கொடுத்தோம். பட்டை வெட்டினார்கள். போரை அசிடோனில் நான்கு முறை துடைத்தோம். முதல் துணி கறுப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது லேசான மஞ்சள், நான்காவது வெள்ளையாகவே வந்தது. ரிப்பேர் நடைமுறையை எழுதி கிளையன்ட்டிடம் ஒப்புதல் வாங்கி, அதே ஆபரேட்டர் சனிக்கிழமை மூன்றாவது லேயர் போட்டார். பீட்டுக்கு நடுவில் அதிகபட்சம் 138 டிகிரி.

செவ்வாய் ஃபினிஷ் போர். நான்கு பக்கமும் கேஜ் ரீடிங் 3.7, 3.8, 3.9, 3.8. அரை மி.மீ. கழித்தாலும் 3-க்கு மேல். இரும்பு 2.5, 2.6, 2.6, 2.7. அதே இன்ஸ்பெக்டர் வந்து, 6 மணியில் மூன்று முறை வைத்துப் பார்த்தார். டி.பி. சுத்தம்.

ஃபெராக்ஸில் இன்று காலை. நைட்ரிக் ஆசிட் கலந்த கரைசல், கையுறையும் கண்ணாடியும் போட்டு ஸ்பிரே செய்தோம். போருக்குள் பதினைந்து வினாடி, முப்பது வினாடி, ஒன்றும் இல்லை. ஃபிளேஞ்ச் முகத்தின் ஓரத்தில் மட்டும் ஐந்தாறு புள்ளி, நீலமாக, பேனா மை சொட்டின மாதிரி எழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. லென்ஸில் பார்த்தால், போல்ட் ஓட்டை துளைத்தபோது தெறித்த இரும்புச் சீவல், நிக்கலில் அழுந்தி ஒட்டியிருந்தது. துளை இல்லை. புது டிஸ்க்கால் லேசாக எடுத்து, கழுவி, மறுபடி ஸ்பிரே செய்தோம். நீலம் வரவில்லை. கரைசல் மிச்சமில்லாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசித் துடைத்தாயிற்று.

மற்ற ஐந்து நாசிலிலும் நான்கு பக்கமும் தடிமன் எடுத்துவிட்டேன். குறைந்தது 3.6. செக் லிஸ்டில் "பி.எம்.ஐ. - ஒரு இடம்" என்று இருந்ததை "நான்கு இடம், தடிமனோடு" என்று மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்.சி.ஆர். மூடியாயிற்று. திங்கள் ஷெல்லில் ஏற்றுகிறார்கள்.


பழைய_ஆர்க்
அடுத்த வியாழன், இரவு 10.05

மிக்க மகிழ்ச்சி தம்பி. ஷெல்லில் ஏற்றும்போது ஒன்று கவனியுங்கள். நாசிலுக்கும் ஷெல்லுக்கும் உள்ள வெல்டு கார்பன் ஸ்டீல் ராடில் போடுவார்கள். அந்த ராடு தவறிக்கூட நிக்கல் மேல் விழக்கூடாது. இரும்பு ராடை நிக்கல் மேல் போட்டால் உடையக்கூடிய கலவையாக உறைந்து விரியும். உள்பக்கம் ஓவர்லேயை ஓரத்தில் பின்னுக்கு வெட்டி, இரும்பு வெல்டு முழுவதும் முடிந்து ரேடியோகிராஃபி ஆன பிறகு, அந்த இடைவெளியை 625-ஆல் மூடச் சொல்லுங்கள். அங்கே கைவேலைதான் வரும், கலப்பு கூடும். மூன்று லேயர் கேளுங்கள். உங்கள் கேஜையும் கொண்டுபோங்கள்.


துவாக்குடி_கியூசி
அடுத்த வியாழன், இரவு 10.20

குறித்துக்கொண்டேன் அண்ணா. வெட்டவேண்டிய அளவைத் திங்கள் காலையிலேயே டிராயிங்கில் சரிபார்த்துவிடுகிறேன். கேஜை இனி பெயின்டிங் ஷாப்புக்குத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை, எங்களுக்கென்று ஒன்று வாங்க இன்டென்ட் போட்டாயிற்று.